அட்டை என்னும் அபவாதம்

நம் ஊரில் புது வீடு கட்டுகிறவர்களும், பழைய வீட்டுக்கு அலமாரி செய்யச் சொல்கிறவர்களும், மகளுக்குக் கல்யாணச் சீராகக் கட்டிலும் பீரோவும் வாங்கப் புறப்படுகிறவர்களும், மற்ற விஷயங்களில் தங்களுக்குள் எவ்வளவு மாறுபட்டாலும், ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசுவதை நான் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறேன். மரம் என்றால் தேக்கு. தேக்குக்கு வழியில்லாவிட்டால் வேங்கை, வேம்பு, பலா. அதற்கும் கை எட்டாவிட்டால் பிளைவுட். ஆனால் ஹார்ட்போர்டு என்ற பெயரில் கடைச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கும் அந்தப் பழுப்பு நிறப் பலகையை மட்டும் வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அது மரமே அன்று, வெறும் அட்டை என்பது அவர்களுடைய தீர்ப்பு. தூளையும் பசையையும் குழைத்து அமுக்கியது, ஒரு மழைக்குத் தாங்காது, பசையிலே விஷம் இருக்கிறது, ஏழையை ஏமாற்றுவதற்காகப் பிறந்த சரக்கு என்று காரணங்களையும் அடுக்கிக்கொண்டே போவார்கள். காரணம் கேட்காதவர்களுக்கோ 'அட்டை' என்ற ஒரு சொல்லே வாதமாகவும் சாட்சியாகவும் தண்டனையாகவும் போதுமானதாக இருக்கிறது.

இந்தத் தீர்ப்பு அநீதியானது என்பது என் அபிப்பிராயம். தச்சுத் தொழிலில் பிறந்தவன் அல்லேன் நான்; எனினும் பட்டறைத் திண்ணைகளில் பல பொழுதுகளைக் கழித்தவன், மரத்தின் சுபாவத்தை அறிந்தவர்கள் சொல்லக் கேட்டு, அவர்கள் கையில் அது படும் பாட்டைக் கண்ணால் கண்டவன் என்ற அளவில் இதைச் சொல்கிறேன். தேக்கின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. வைரம் பாய்ந்த தேக்குக்கு நிகரான மரம் உலகில் மிகக் குறைவு. ஆனால் ஒன்றின் பெருமையைப் பாடுவதற்காக மற்றொன்றின் குணத்தைப் பொய்யாகச் சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு ஏன் வர வேண்டும்?

முதலாவதாக, குற்றவாளி யார் என்றே சரியாகத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. மரத்தை உடைத்து மறுபடியும் சேர்த்துச் செய்யும் பலகைகள் ஒரு குடும்பம் என்றால், அந்தக் குடும்பத்தில் குணத்தால் முற்றும் மாறுபட்ட மூவர் இருக்கிறார்கள். மரச் சீவலையும் சிராய்களையும் செயற்கைப் பசையில் பிசைந்து அழுத்திச் செய்வது பார்ட்டிக்கிள் போர்டு. மரத்தை நார் நாராகப் பிரித்து, அந்த நாரின்மேல் பசையைத் தெளித்து, உலர்ந்த நிலையில் அழுத்திச் செய்வது எம்.டி.எஃப். நாரை நீரில் மிதக்கவிட்டு, வலைமேல் வடித்து, ஈரத்தோடு சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து, பெரும்பாலும் மரத்தின் சொந்தப் பிசினாலேயே ஒட்டிக்கொள்ளச் செய்வது ஹார்ட்போர்டு. நம் நாட்டுத் தர நிர்ணயத்திலும் இவை வேறு வேறு எண்களின் கீழ்தான் வருகின்றன: ஹார்ட்போர்டுக்கு ஐ.எஸ். 1658, பார்ட்டிக்கிள் போர்டுக்கு ஐ.எஸ். 3087, எம்.டி.எஃப்.புக்கு ஐ.எஸ். 12406. கணினி மேசையின் காலடியில் தரை துடைத்த தண்ணீர் பட்டு, விளிம்பு பொரி போல் உப்பி உதிர்ந்ததைக் கண்ட வீட்டுக்காரர் "அட்டையை வாங்கி ஏமாந்தேன்" என்று சொல்லும்போது, அவர் திட்டுவது பெரும்பாலும் பார்ட்டிக்கிள் போர்டை. ஆனால் அந்த வசவு வந்து விழுவதோ அதே பழுப்பு நிறங்கொண்ட ஹார்ட்போர்டின் தலைமேல். தம்பி வாங்கிய கடனுக்கு அண்ணன் வீட்டை ஜப்தி செய்வது போன்ற காரியம் இது.

சரி, 'தூளும் பசையும்' என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் ஹார்ட்போர்டு பிறந்த ஊருக்கே போக வேண்டும். அமெரிக்காவின் தென்பகுதியில், மிஸிஸிப்பி மாநிலத்தில், லாரல் என்று ஒரு சிறு நகரம். சுற்றிலும் மஞ்சள் பைன் காடுகள். ஊர் முழுவதும் அறுப்பாலைகள். உருண்டையான அடிமரத்தைச் சதுரமான சட்டமாக அறுக்கும்போது நான்கு புறத்திலும் கழிகிற புறப்பலகை, முனைத் துண்டு, சிராய் இவையெல்லாம் எரிப்பதற்கும் குவிப்பதற்கும் அன்றி வேறு எதற்கும் பயன்படாமல் மலை மலையாகச் சேர்ந்தன. விஞ்ஞானி எடிசனிடம் வேலை பார்த்துப் பழகிய வில்லியம் மேசன் என்பவர் அந்த ஊருக்கு வந்து இந்த விரயத்தைக் கண்டு மனம் பொறுக்காமல், இதை மறுபடியும் பலகையாக்க வழி உண்டா என்று ஆராயத் தொடங்கினார். மரத்துண்டுகளைக் கனத்த இரும்புக் கலத்தில் அடைத்து, சதுர அங்குலத்துக்கு ஆயிரம் ராத்தல் வரை எட்டும் நீராவி அழுத்தத்தில் சில விநாடிகள் வைத்து, திடீரென்று வாயைத் திறந்துவிட்டார். மரத்தின் அணு அணுவாக உட்புகுந்திருந்த ஆவி ஒரே கணத்தில் வெளியே பாய, மரம் வெடித்துப் பஞ்சு போன்ற நாராகச் சிதறியது. அந்தக் கலத்துக்குத் துப்பாக்கி என்றே தொழிலாளிகள் பெயர் வைத்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அவர் மரத்தை அரைக்கவில்லை, வெட்டவில்லை, தூளாக்கவில்லை. மரம் எங்கே தானாகப் பிரியுமோ அங்கே பிரித்தார். பைன் மரத்தின் நார் ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர் அளவு நீளமுள்ள மெல்லிய குழல். அந்தக் குழல்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது லிக்னின் என்ற இயற்கைப் பிசின். மரத்தின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தப் பிசினே. சூடும் ஈரமும் சேரும்போது அது மெழுகுபோல் இளகும். ஆறும்போது மறுபடி இறுகும். மேசன் செய்ததெல்லாம், அதை இளக்கி, குழல்களைப் பிரித்து, எல்லாத் திசையிலும் கலந்து பரப்பி, மறுபடியும் அதே பிசினால் இறுகச் செய்ததுதான். ஆகவே, 'பசை எங்கே?' என்று கேட்கிறவருக்கு, ஆலமரத்திலும் அரசமரத்திலும் எந்தப் பசை இருக்கிறதோ அதே பசைதான் இதிலும் முக்கியமாக இருக்கிறது என்பது விடை.

இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி அந்தத் தொழிலில் ஒரு கதை வழங்குகிறது. மேசன் முதலில் தேடியது கனமான பலகையை அன்று. சுவருக்குள் வைக்கும் மெத்தென்ற வெப்பத் தடுப்புப் பலகையைத்தான் அவர் செய்ய முயன்றாராம். ஒருநாள் ஈர நாரை அழுத்தியந்திரத்தில் வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போனபோது, ஆவியடைப்பு சரியாக மூடாமல் கசிந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்து பார்த்தால், மெத்தென்ற பலகைக்குப் பதிலாக இரும்புபோல் இறுகிய மெல்லிய தகடு ஒன்று கிடைத்ததாம். கதை எப்படியிருந்தாலும் ஆண்டுகள் தெளிவானவை: 1924-இல் கண்டுபிடிப்பு, 1925-இல் கம்பெனி, 1928-இல் அந்தக் கம்பெனிக்கு மேசனைட் என்ற பெயர். அதன்பின் சில ஆண்டுகளில் சுவீடனில் ஆர்னெ ஆஸ்ப்லுண்ட் என்ற பொறியாளர், வெடிக்க வைக்காமலே, ஆவியில் வேகவைத்த மரத்தைச் சுழலும் தட்டுகளுக்கிடையே தேய்த்து நார் பிரிக்கும் முறையைக் கண்டார். ஹார்ட்போர்டு உலகெங்கும் பரவ வழி செய்தவை இந்த இரண்டு முறைகளுமே. நமக்கு அருகிலேயே, கேரளத்தில் கண்ணூரை அடுத்த வளபட்டணத்தில் இதைச் செய்யும் ஆலை உண்டு.

பலகையின் முதுகைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? முகம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க, முதுகில் மட்டும் சல்லடைக் கண்போல் ஒரு தடம் பதிந்திருக்கும். அதை அலங்காரம் என்றும், மலிவுச் சரக்கின் அடையாளம் என்றும் எண்ணுகிறவர்கள் உண்டு. ஈர நாரை அழுத்தும்போது நீர் ஆவியாகி வெளியேற வழி வேண்டும். அந்த வழிக்காக அடியில் வைத்த கம்பிவலையின் தடம் அது. ஈரமுறையில், வெளிப்பசையை நம்பாமல், செய்த பலகை இது என்பதற்கு அதன் முதுகிலேயே எழுதி வைத்த சாசனம் என்று அதைச் சொல்ல வேண்டும்.

இனி பலம். இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வீட்டில் சேர்ந்துவிட்ட புத்தகங்களுக்கு ஓர் அடுக்கு செய்யச் சொன்னபோது, வேலைக்கு வந்தவர் இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே மூன்றடி நீளத்துக்கு, கட்டைவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத கனமுள்ள ஹார்ட்போர்டைத் தட்டாக வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார். ஆறு மாதத்துக்குள் தட்டுகள் எல்லாம் தொட்டில் துணிபோல் நடுவில் தொங்கின. வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவரும் "அட்டை என்றால் இப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னார்கள். நானும் அப்போது அதை நம்பினேன். பின்னர் வேறொரு முதிய தச்சர் வந்தார். தொங்கிய பலகைகளைக் கழற்றி, சிரித்துக்கொண்டே, "ஐயா, இது படுக்கிற பலகை இல்லை, நிற்கிற பலகை. இதைப் படுக்க வைத்துப் பாரம் ஏற்றினது ஆள் செய்த தப்பு" என்று சொல்லி, தட்டுக்குக் கனமான மரத்தைப் போட்டு, அதே ஹார்ட்போர்டை அறுத்து அந்த அடுக்கின் முதுகில் வைத்து நாற்புறமும் நெருக்கமாக ஆணி அறைந்தார். அந்த அடுக்கு இன்றைக்கும் என் அறையில் நிற்கிறது. ஒரு பக்கமாகச் சாயவில்லை, ஆடவில்லை.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இந்தப் பலகையின் பொருட் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தேக்கை அதன் நார் ஓடும் திசையில் வைத்து வளைத்தால், சாதாரண ஹார்ட்போர்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும். இதில் வாதமே இல்லை. ஆனால் அதே தேக்கை நாருக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். விறகு பிளப்பதுபோல் பிளந்துவிடும். மரம் காட்டில் நின்ற காலத்தில் காற்றை எதிர்த்து நிமிர்ந்து நிற்பதற்காகப் பெற்ற பலம் அது. மேலிருந்து கீழாக ஓடும் பலமேயன்றிக் குறுக்கே செல்லும் பலம் அதற்குத் தேவைப்படவில்லை. ஹார்ட்போர்டிலோ நார்கள் எல்லாத் திசையிலும் பரவிக் கிடப்பதால், நீளம், அகலம், மூலைவிட்டம் என்ற பேதமில்லாமல் பலகையின் தளம் முழுவதும் ஒரே பலம். சதுரமான சட்டம் ஒன்று மூலைகளில் நெளிந்து சாய்சதுரமாகாமல் காக்க வேண்டுமானால், அதற்கு வேண்டியது இந்தக் குணமே. பீரோவின் முதுகிலும், கதவின் இரு முகங்களிலும், மேசை இழுப்பறையின் அடியிலும் தச்சர்கள் இதை வைப்பது விலை மலிவு என்பதற்காக மட்டும் அன்று. அந்த இடத்துக்கு மெல்லிய தேக்குப் பலகையை வைத்தால் அது பிளந்துபோகும் என்பதற்காகவும்தான்.

கனத்தையும் எண்ணிப் பாருங்கள். தேக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. ஹார்ட்போர்டு 900 கிலோவிலிருந்து ஆயிரத்தையும் தாண்டும். மரத்தினுள்ளே நாரின் குழல்களில் வெற்றிடமாக இருந்த காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டதனால் கிடைத்த நெருக்கம் இது. எண்ணெய் ஊட்டிச் சூட்டில் பதப்படுத்திய உயர் வகையோ இன்னும் கடினமானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத்துக்கான உலோகத் தகடுகளை வடிவமாக வளைக்கும் அச்சுகளையே அவ்வகைப் பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்தார்கள். உலோகத்தை வளைக்கும் அச்சாக நின்ற பொருளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அட்டை!

தண்ணீரைப் பற்றிய ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் வலுவுடையது. அதை மழுப்பிப் பேச நான் விரும்பவில்லை. ஹார்ட்போர்டு தண்ணீரைக் குடிக்கும். குடித்தால் கனத்தில் ஊதும். விளிம்பில் முதலில் ஊதும். பல நாள் ஊறினால் உலர்ந்த பின்னும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கரையானுக்கும் அதனிடம் தனி வெறுப்பு எதுவும் கிடையாது. தேக்கின் வைரத்தில் கரையானை விரட்டும் சாரம் இயற்கையாக உண்டு, இதில் அது இல்லை. இந்த உண்மைகளை மறைத்து விற்றதன் பலனை மேசனைட் கம்பெனியே பிற்காலத்தில் அனுபவித்தது. 1980 முதற்கொண்டு அமெரிக்காவில் இலட்சக்கணக்கான வீடுகளின் வெளிச்சுவரை, மழையும் வெயிலும் நேரே படும் முகத்தை, ஹார்ட்போர்டால் போர்த்தினார்கள். பல வீடுகளில் அது ஊறி, உப்பி, அழுகியது. அலபாமா மாநிலத்து மொபீல் நகர நீதிமன்றத்தில் வீட்டுக்காரர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள்; நடுவர் குழு 1996-இல் அந்தப் போர்வைப் பலகையையே குறையுள்ளது என்று தீர்மானித்தது; அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் நஷ்டஈடு தர உடன்பட்டு வழக்கு முடிந்தது. அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நான் சொல்வேன். ஆண்டுக்காண்டு விளிம்பெல்லாம் சாயம் பூசிக்கொண்டேயிருந்தால் மட்டுமே நிற்கும் பொருளை, சாயம் பூச நேரமில்லாத குடும்பங்களின் சுவருக்கு ஏற்றது என்று விற்றது தவறு.

ஆனால் இந்த வழக்கைச் சுட்டிக் காட்டி ஹார்ட்போர்டையே ஒதுக்க வேண்டும் என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். பட்டுப் புடவையை ஆற்றங்கரைக் கல்லில் அடித்துத் துவைத்தவள், கிழிந்ததும் பட்டின்மேல் குற்றம் சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா? மழையில் நிற்பதற்கு ஒரு பொருளும் நிழலில் நிற்பதற்கு ஒரு பொருளும் என்ற பேதம் நமக்குப் புதிதன்று. மண் சுவரில் கூரை வேய்ந்து வாழ்ந்த நம் முன்னோர் சுவருக்கு வெளியே இரண்டு முழம் கூரையை இறக்கி வைத்தது எதற்காக? மண் தண்ணீரில் கரையும் என்று தெரிந்தே மண்ணில் வீடு கட்டி, தலைமுறை தலைமுறையாக அதில் குடியிருந்தார்கள். மண்ணை அவர்கள் ஏமாற்றுச் சரக்கு என்று ஏசவில்லை.

மேலும், ஈரத்தோடு உறவாடுவதில் தேக்குக்கும் குறை உண்டு என்பதை அதன் பக்தர்கள் சொல்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நம் வாசற்கதவு நிலையோடு பிடித்துக்கொண்டு திறக்க மறுப்பதையும், சித்திரையில் அதே கதவு சுருங்கி இடுக்கு விடுவதையும் அறியாத வீடு எது? பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும் வரை, தேக்குப் பலகை அகலத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு வரை சுருங்கக்கூடும். ஓரடி அகலப் பலகையில் அது முக்கால் அங்குலத்தை நெருங்கும். தேக்கு இதில் அடக்கமான மரம். மற்ற மரங்கள் பல இதைவிட அதிகமாகச் சுருங்கும். ஹார்ட்போர்டோ, மழைக்காலக் காற்றுக்கும் கோடைக்காற்றுக்கும் நடுவே, நீளத்திலும் அகலத்திலும் நூற்றுக்கு அரைப் பங்கு அளவுக்குள்ளேயே நின்றுவிடும். அந்த அரைப் பங்கையும் அடக்கத் தெரிந்தவர்கள் அடக்கினார்கள். பலகையை அடிப்பதற்கு முன் அதன் முதுகில் தண்ணீரைத் தடவி, முதுகோடு முதுகு சேர்த்து இரண்டு நாள் படுக்க வைத்து, அது முழுவதும் விரிந்த நிலையில் சட்டத்தில் ஆணி அறைவார்கள். உலர உலர, தீயில் காட்டிய பறையின் தோல்போல் அது இறுகி விம்மி நிற்கும். இந்த வழக்கத்தை அறியாதவர், கடையிலிருந்து வந்த கையோடு உலர்ந்த பலகையை அறைந்துவிட்டு, மழைக்காலத்தில் அது அலையலையாக நெளிந்ததும் பலகையைப் பழிக்கிறார். வேலை தெரிந்த கையில் நெளியாத பலகை வேலை தெரியாத கையில் நெளிந்தால் குற்றம் எவருடையது?

விஷம் என்ற பேச்சு அண்மைக் காலத்தில் பரவியது. அதற்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. பார்ட்டிக்கிள் போர்டிலும் எம்.டி.எஃப்.பிலும் பெரும்பாலும் சேர்க்கும் யூரியா-பார்மால்டிஹைட் பசை, எம்.டி.எஃப்.பின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வரை இருப்பதுண்டு. அதிலிருந்து பார்மால்டிஹைட் வாயு மெல்ல மெல்லக் கசியும். அந்த வாயு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் அறிவித்தது. ஆகவே மூடிய அறையில் அத்தகைய பலகைகளை நிறைப்பவர்கள் கசிவு குறைந்த தரத்தைக் கேட்டு வாங்க வேண்டியது அவசியம். ஆனால் ஈரமுறையில் செய்த ஹார்ட்போர்டுக்கு அந்தப் பசை வேண்டியதில்லை. சில ஆலைகள் சேர்த்தாலும் அது வேறு வகைப் பிசின், அளவும் மிகச் சிறிது. தூளும் பசையும் என்று பழித்தவர்களே விஷப் பசை என்றும் பழிக்கிறார்கள். பசையே இல்லாதபடி செய்யலாம் என்பதுதான் மேசனின் கண்டுபிடிப்பு என்பதை அவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது? ஈரமுறையின் மெய்யான குறை வேறு இடத்தில் இருக்கிறது. நாரைக் கழுவிய நீரில் மரத்தின் சர்க்கரைகள் கரைந்து வரும். அதைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டால் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். லாரலில் அந்தச் சாரத்தைக் காய்ச்சி மாட்டுத் தீவனப் பாகாக விற்றார்கள். அப்படிச் செய்யாத ஆலையைக் கண்டிப்பது நியாயம். அங்கே உங்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைப் பொறுக்காமல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. அதன்பின்னும் நமக்குத் தேக்குதான் வேண்டும் என்று நாம் சொல்லும்போது, பிறருடைய காட்டைக் கேட்கிறோம் என்பதை உணர்வதில்லை. நார்ப் பலகைக்கோ முதிர்ந்த மரம் தேவையில்லை. கோணல் மரம், கிளை, முனை, தோட்டத்தில் வளர்ந்த தைலமரம், சவுக்கு, அறுப்பாலைக் கழிவு எதுவானாலும் போதும். நூறாண்டு நின்ற மரத்தை பீரோவின் முதுகுக்காக வீழ்த்துவது, எந்த நோக்கில் பார்த்தாலும், விரயம்.

கௌரவம் இல்லாத பொருள் என்பவர்களுக்குப் பதில் சொல்ல ஓவியர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்ட 1936-இல் ஹுவான் மிரோ, மேசனைட் பலகையின்மேல் தாரும் மணலும் எண்ணெய்ச் சாயமும் சேர்த்து இருபத்தேழு ஓவியங்களைத் தீட்டினார். மெக்ஸிகோவின் ஃப்ரீடா காலோ, அம்பு தைத்த மானின் உடலில் தன் முகத்தை வைத்து 1946-இல் வரைந்த படமும் மேசனைட்டின்மேல்தான். அதே 1946-47-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நோலன், நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரனின் கதையை இத்தகைய பலகைகளிலேயே வரிசையாகத் தீட்டினார். அந்த நாட்டுத் தேசிய ஓவியக்கூடத்தில் அவை இன்றும் பொக்கிஷமாகக் காக்கப்படுகின்றன. துணியைப்போல் தொய்யாமலும், மரத்தைப்போல் வெடிக்காமலும் நிற்கும் தளம் என்பதைத் தங்கள் கைகளால் கண்டவர்கள் அவர்கள்.

நம் வீட்டுக்குள்ளேயே பாருங்கள். வால்வு ரேடியோவின் துளையிட்ட முதுகு எதனால் ஆனது? சாமி படச் சட்டத்தின் பின்புறம் எது? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாளைக் கவ்வி வைத்துப் பரீட்சை எழுதும் அந்தப் பலகை எது? இப்போது பட்டணத்துப் பெரிய வீடுகளில் மரத் தரை என்று பெருமையாகப் போடுகிறார்களே, அந்த லேமினேட் தரைகளில் பெரும்பாலானவற்றின் உட்பகுதி, மேலே மரத்தின் படத்தை ஒட்டி வைத்த, நெருக்கமாக அழுத்திய மரநாரே. காலின் கீழ் நாள் முழுதும் மிதிபடும் இடத்தில் அதை நம்புகிற நாம், அலமாரியின் முதுகில் அசையாமல் நிற்கும் இடத்தில் அதை நம்ப மறுக்கிறோம்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி நீங்கள் கடைக்குப் போகும்போது, எந்தப் பலகை வேண்டும் என்று சொல்வதற்கு முன், அதை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். கடைக்காரர் எடுத்துக் காட்டுவதை முதுகுப்புறம் திருப்பி வலைத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பைத் தடவி, நார் நெருக்கமாக இருக்கிறதா, உதிர்கிறதா என்று பாருங்கள். மழை படும் இடத்துக்கும், குளியலறைக்கும், கரையான் ஏறும் சுவரோரத்துக்கும் அதை வாங்காதீர்கள். பாரம் தாங்கும் தட்டுக்கும் வாங்காதீர்கள். பீரோவின் முதுகுக்கும், இழுப்பறையின் அடிக்கும், கதவின் முகத்துக்கும், குழந்தை படம் வரைவதற்கும் தயங்காமல் வாங்குங்கள். வாங்கிய பின் வீட்டுக்கு வந்த தச்சரிடம், முதுகில் தண்ணீர் தடவி இரண்டு நாள் படுக்க வைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். யாராவது அதை அட்டை என்று சொன்னால், அது மரம் என்று திருத்துங்கள்.